இனத்தைத் திட்டாதீர்கள், மடியைப் பாருங்கள்

ஒரகடம் பக்கம் செம்மறி வளர்ப்பவர் யாரிடம் பேசினாலும் ஒரே பல்லவிதான். “சார், நம்ம நாட்டு ஆட்டுக்குப் பால் பத்தாது. குட்டி தேறவே மாட்டேங்குது. வெளியூர்க் கடாவைக் கொண்டுவந்து கலக்கணும்.” வாட்ஸ்அப் ஆலோசகர்களும் இதையே ஓதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பக்கத்து ஆடு மெட்ராஸ் ரெட். பழைய செங்கல்பட்டு ஜில்லாதான் அதற்குத் தாய்வீடு. கறிக்காக வளர்க்கிறோம், கறந்து குடிப்பதில்லை. அதனால் அதன் பாலைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால் பிறந்த குட்டிக்கு அதுதானே ஐயா சாப்பாடு! பொதுவாகச் செம்மறிப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம், புரதம் 5-க்கு மேல். பசும்பாலில் இவை 4-ம் 3 சொச்சமும்தான். அளவு குறைவானாலும் கெட்டிப் பால்.

இனத்துக்கு இனம் பால் மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் லக்கோன் ஆட்டின் பெருமை எனக்கும் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகள் ஆட்டுக்கு ஆடு கணக்கெழுதித் தேர்ந்தெடுத்தார்கள். பால் பெருகினால் நீர்த்துப்போகும் என்று கொழுப்பையும் புரதத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அதோடு விட்டார்களா? பிறகு மடியின் ஆரோக்கியத்தையும் சேர்த்தார்கள். உயர்ந்த இனமானாலும் மடிநோய் வந்தால் பால் கெடும்.

நோய் வந்த மடியில் பால் குறைவதோடு, இருக்கிற பாலின் தன்மையும் மாறிவிடுகிறது. உறைந்து தயிராகும் கேசீன் குறையும், பால் சர்க்கரை குறையும், உப்புச் சத்து ஏறிக் கரிக்கும். வெளியே வீக்கம் தெரியாமலே இதெல்லாம் நடக்கலாம். செம்மறிக்கு இருப்பது இரண்டே காம்பு. ஒன்று போனால் பாதி மடி போச்சு.

மேய்க்கால் நிலமெல்லாம் தொழிற்சாலை மதிலுக்குள் போன பிறகு, இங்கே ஆடுகள் பாதி நாள் ஈரப் பட்டியில், புழுக்கைச் சேற்றில் படுக்கின்றன. போன ஐப்பசியில் எங்கள் தெருக்கோடிக்காரர் ஒரு தாய் ஆட்டை “ராசியில்லாதது” என்று விற்கக் கிளம்பினார். நான் குமாஸ்தாவாக இருந்தவன், மாட்டு டாக்டர் இல்லை. எனக்கே தொட்டதும் தெரிந்தது: மடியில் ஒரு பக்கம் கல்.

கடாவுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் பட்டியை மேடாக்கி மணல் கொட்டுங்கள். குட்டி ஈன்ற ஆட்டின் மடியைத் தினமும் தடவிப் பாருங்கள். கால்நடை மருந்தகத்தில் பாலைச் சோதிக்கச் சொல்லுங்கள். நோயுள்ள பால் சோதனைத் திரவத்தில் கூழாகக் கெட்டிப்படும். அதற்குப் பிறகும் குட்டி தேறவில்லையென்றால், வாருங்கள், கடாவைப் பற்றிப் பேசலாம்.