‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதுமா?

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறாண்டுகளில் குறள்களை மனனம் செய்து பரிசும் வாங்கியிருக்கின்றேன். ஆனால், அந்த நான்காமவராக நானே நிற்பேன் என்று அன்று எண்ணியதில்லை. இன்று நான் தாதிமைத்துறையில் இறுதியாண்டு மாணவி.

ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் தாதியின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். நோயாளி வீடு திரும்பித் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள அவரை ஆயத்தப்படுத்துவதும், அவருடைய நோயைப் பற்றி அவருக்குக் கற்பிப்பதும் எங்கள் பணிதான். இந்தக் கற்பித்தலில் நாங்கள் அடிக்கடித் தோற்கின்றோம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் அக்கறைக் குறைவு அன்று, “புரிந்ததா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வதுதான்.

கடந்த ஆண்டு ஒரு மறுவாழ்வு வார்டில் பயிற்சியில் இருந்தேன். பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் பலவீனமாகிப்போன ஓர் அங்கிள் அங்கே இருந்தார். தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். பல ஆண்டுகளாக இனிப்புநீர். அவருடைய பாதத்தில் ஆறிவரும் புண் ஒன்றைக் கண்டு, எப்படி வந்தது என்று கேட்டேன்.

“கிளினிக்குல ஆயர் சுவாம்ல காலைக் கழுவச் சொன்னாங்க, மிஸி. கடையில ஆயர் சுவாம் கேட்டா ஆவி பறக்கத்தானே கொண்டாந்து வைக்கிறாங்க?”

சொன்னவர் நினைத்தது வெதுவெதுப்பான நீர். கேட்டவர் எடுத்துக்கொண்டது சுடுநீர். இனிப்புநீர் நெடுநாள் நீடித்தால் பாத நரம்புகள் கெட்டு உணர்வு மங்கிவிடும். ஆதலால் கால் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. “ஃபஹாம்?” என்று கேட்டிருப்பார்கள். “ஃபஹாம், மிஸி” என்று இவரும் தலையாட்டியிருப்பார். கற்பித்தாயிற்று என்று படிவத்தில் ஒரு கோடும் விழுந்திருக்கும்.

தமிழில் சொல்லியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று எனக்குள் ஒரு பெருமிதம். மறுநாள் நானே கற்பிக்கப் போனேன். “மூட்டு அசைவுப் பயிற்சியைத் தினமும் தவறாமல் மேற்கொள்ள வேண்டும், அங்கிள்” என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். நானும் “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். அவரும் “புரிஞ்சுது” என்றார். என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் சிரித்தார். ஒன்றுமே புரிந்திருக்கவில்லை.

அதே நாளில் என் மலாய்த் தோழி அவருக்குச் சட்டை போடக் கற்பித்தாள். அவள் அதிகம் பேசவில்லை. சட்டையைக் கையில் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவர் நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு மற்றக் கையோடு திண்டாடினார். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில் என்று செய்து காட்டி, மறுபடியும் அவரையே செய்ய வைத்தாள். மூன்றாம் முறை அவரே போட்டுக்கொண்டார். தமிழ் பேசிய நான் தோற்றேன். செய்துகாட்டச் சொன்னவள் வென்றாள்.

அப்படியானால் தாய்மொழி தேவையில்லையா? அவருடைய மனைவியிடம்தான் அதற்கு விடை கிடைத்தது. வேளாவேளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிடுவார் அந்த ஆண்ட்டி. தாதியர் தடுத்தபோது, பரிவில்லாதவர்கள் என்று மனத்தாங்கல். பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் மூளை அந்தக் கையை மீண்டும் பழக்கிக்கொள்ளும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் வந்து போகும் நேரம் கொஞ்சம். மீதி நேரமெல்லாம் குடும்பத்தின் கையில். நோயாளி கூடிய விரைவில் பிறர் துணையின்றி இயங்க உதவுவதே தாதிமை என்று வர்ஜீனியா ஹென்டர்சன் 1960இல் அனைத்துலகத் தாதியர் மன்றத்திற்காக எழுதிய நூலில் விளக்கியிருக்கின்றார். இதையெல்லாம் ஆண்ட்டியிடம் எப்படிச் சொல்வது? “நடை பழகுற பிள்ளைய இடுப்புலயே வெச்சிருந்தா எப்ப ஆண்ட்டி நடக்கும்?” என்றேன். அவர் கரண்டியை அங்கிளின் கையில் வைத்தார். கண் கலங்கினாலும் வைத்தார். அந்த ஒரு வாக்கியம் மலாயிலோ ஆங்கிலத்திலோ என் வாயில் வந்திருக்காது.

மொழி மனத்தைத் திறக்கின்றது. செய்துகாட்டச் சொல்வது, உள்ளே சென்றது என்ன என்பதைக் காட்டுகின்றது. இரண்டும் வேண்டும்.

இது ஓர் அங்கிளின் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. சுகாதாரத் தகவல்களைப் புரிந்து பயன்படுத்தும் ஆற்றல் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவு.

“இந்நாட்டில் பிறந்தவருக்கு மலாய் தெரியாதா?” என்று சிலர் கேட்கலாம். அந்த அங்கிளுக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் கடைத்தெரு மலாய் வேறு, மருத்துவமனை மலாய் வேறு. அதைப்போலவே நம் மேடைத்தமிழ் வேறு, கட்டிலருகே வேண்டிய தமிழ் வேறு. பட்டிமன்றத்தில் கைத்தட்டு வாங்கிய என் தமிழ் அங்கே உதவவில்லை. “கொடியில துணி காயப்போடுற மாதிரி, நல்ல கையால மெதுவா அந்தக் கையத் தூக்குங்க, வலிச்சா நிறுத்திடுங்க” என்ற தமிழ்தான் உதவியது.

எனவே, நம் மொழிக்கழகத்திற்கு என் வேண்டுகோள் இது. கலைவிழாவும் பொங்கல் விழாவும் தொடரட்டும். அவற்றோடு, பாதப் பராமரிப்பைப் பற்றி ஒரே ஒரு பக்கத்தில், பேசும் தமிழில் ஓர் அட்டை தயாரிப்போம். அச்சுக்கு அனுப்புமுன் ஏதாவதொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு எடுத்துச் செல்வோம். படித்தவர்களைச் செய்துகாட்டச் சொல்வோம். அவர்கள் தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டியது நம் எழுத்தைத்தான். மருத்துவம் படிக்காதவர்களும் இந்த விடுமுறையில் வீட்டில் ஒரு கேள்வி கேட்கலாம்: “அம்மா, இந்த மாத்திரைய எப்ப, எதுக்குச் சாப்பிடுறீங்க?” பதில் தவறாக வந்தால் திட்டாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சரிபார்க்காமல் விட்டது அது.

அங்கிள் வீடு திரும்பும் நாளில், “காலைக் கழுவுற தண்ணிய எப்படிப் பார்ப்பீங்க?” என்று கேட்டேன். அவர் மனைவியின் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “இது சொன்னாத்தான் தண்ணி காலுக்கு வரும், மிஸி.”

அன்று நான் “புரிஞ்சுதா?” என்று கேட்கவில்லை.