பிங்க் ஃபிளாய்டும் நன்றியுரைப் பக்கமும்

பிங்க் ஃபிளாய்ட் பற்றிய பேச்சு எழுந்தால் நம் விடுதி அறைகளில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ரோஜர் வாட்டர்ஸ் இல்லாமல் அக்குழுவே இல்லை என்பது ஒரு கட்சி. டேவிட் கில்மோரின் கிதார் இல்லாமல் அப்பாடல்களுக்கு உயிர் இல்லை என்பது மற்றொன்று. முதல் கட்சியை நானும் நெடுநாள் சார்ந்திருந்தேன். இன்று அந்தக் கேள்வியே பிழையானது என்று கருதுகிறேன். கூட்டாக உழைப்போருக்கு அக்குழுவின் வரலாறு எதையேனும் கற்பிக்குமானால், அதை இவ்விருவரைக் காட்டிலும் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் கதையே தெளிவாகக் கற்பிக்கிறது.

1965இல் லண்டனில் உருவான அக்குழுவின் தொடக்க நிறுவனர்களுள் ரைட்டும் ஒருவர். முதல் தலைவரான சிட் பாரெட் மனநலக் குன்றலால் 1968இல் விலக, அதற்குச் சற்று முன்னரே கில்மோர் உள்ளே வந்திருந்தார். 1973இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தொகுப்பின் ஒலியமைப்பில் ரைட்டின் பங்கு பெரிது. 1977இன் ‘அனிமல்ஸ்’ தொகுப்பிலோ பாடல் உருவாக்கியோர் வரிசையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 1979இல் ‘தி வால்’ பதிவின்போது அவர் குழுவை விட்டு நீங்க நிர்ப்பந்திக்கப்பட்டார். அடுத்து வந்த மேடை நிகழ்ச்சிகளில் அதே ரைட் ஊதியம் பெறும் பணியாளராக வாசித்தார். பெருஞ்செலவில் நடந்த அந்நிகழ்ச்சிகளின் இழப்பை மற்ற மூவரும் சுமக்க, வருவாயோடு வீடு திரும்பியவர் அவர் ஒருவரே என்பது வரலாற்றின் வேடிக்கை.

வாட்டர்ஸின் குறைகூறலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்காலத்தில் தன் பங்களிப்பு குறைந்திருந்ததை ரைட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நான் கேட்பது வேறு. பங்களிப்பு குறைந்தது என்பதை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? அந்த அளவுகோல் யார் கையில் இருந்தது?

1983இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ இதற்கு விடை தருகிறது. ரைட் இடம்பெறாத அத்தொகுப்பின் உறை, அது வாட்டர்ஸின் படைப்பு என்றும் பிங்க் ஃபிளாய்ட் அதை நிகழ்த்தியது என்றும் அறிவித்தது. ஆசிரியர் ஒருவர், மற்றவர்கள் நிகழ்த்துவோர் என்றாகிவிட்டது. 1985இல் விலகிய வாட்டர்ஸ், தாம் இன்றி அப்பெயர் வழங்கக் கூடாது என்று 1986இல் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார். 1987 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. பெயர் கில்மோருக்கும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனுக்கும் போயிற்று. ‘தி வால்’ மேடைப் படைப்பின் உரிமை வாட்டர்ஸிடம் நின்றது. தாம் வழக்குத் தொடுத்தது தவறு என்று 2013இல் வாட்டர்ஸே சொன்னார்.

உறுப்பினர்களின் நிலையே இதுவென்றால், வெளியிலிருந்து வந்து உழைத்தவர்களின் நிலை என்ன? 1973 தொகுப்பில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்றொரு படைப்பு உண்டு. அதில் சொற்களே இன்றி ஒலிக்கும் பெண்குரல் கிளேர் டோரி என்பவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வந்து, தாமே கற்பனை செய்து பாடிவிட்டு, 30 பவுண்டு பெற்றுச் சென்றார். உருவாக்கியவராக ரைட்டின் பெயர் மட்டுமே அச்சாயிற்று. டோரி 2004இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு ஏற்பட்டது. அதன்பின் குரல் பகுதியை ஆக்கியவர் என்று அவர் பெயரும் சேர்ந்தது. பின்னாளில் புறந்தள்ளப்பட்ட ரைட், ஒரு காலத்தில் மற்றொருவரின் உழைப்பின் மேல் தனித்து நின்ற பெயருக்கும் உரியவராக இருந்திருக்கிறார். அவரும் இதைத் தீங்கெண்ணிச் செய்திருக்க மாட்டார். வழக்கம் அப்படி இருந்தது, அவ்வளவே.

அந்த வழக்கத்தின் அடிப்படை எளியது. பாடல் வரி, மெட்டு எனத் தாளில் எழுதிக்காட்டக் கூடியவை உரிமையாகக் கணக்கிடப்படுகின்றன. ஒலியின் நிறம், இடமறிந்து வாசித்தல், வாசிக்காது விடுதல் போன்றவை ஊதியத்தோடு முடிந்துபோகின்றன.

நம் ஆய்வுலகம் இதே கணக்கைத்தான் போடுகிறது. கருதுகோளை எழுதியவர் ஆசிரியர். தரவு திரட்டியவர், நேர்காணலை எழுத்தாக்கியவர், மொழிபெயர்த்தவர் ஆகியோர் நன்றியுரையில். முதுகலை முடித்த ஆண்டில் ஓர் ஆய்வுத் திட்டத்திற்காக நூற்றுக்கும் மேற்பட்ட மணிநேர ஒலிப்பதிவுகளை நான் எழுத்தாக்கினேன். அதிலிருந்து வந்த கட்டுரையில் என் பெயர் நன்றியுரையின் மூன்றாம் வரியில் இருந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜார்க்கண்டில் நிலம் இழந்த குடும்பங்களிடையே கள ஆய்வு செய்தபோது, சந்தாலி மொழி அறிந்த ஒரு பெண்மணி எட்டு மாதம் என்னுடன் நடந்தார். எந்தச் சொல்லுக்கு எந்த வலி என்பதை எனக்கு இந்தியில் விளக்கியவர் அவர்தான். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் நிற்பதே அவ்விளக்கங்களின் மேல். சென்ற வாரம் வரைவைத் திருத்துகையில் அவர் பெயரைத் தேடினேன். நன்றியுரையில் இருந்தது, மூன்றாம் வரியில்.

தீர்வு பெரிய தத்துவம் எதையும் வேண்டவில்லை. யார் எதைச் செய்கிறார், அது எப்பெயரால் பதிவாகும் என்பதை வேலை தொடங்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். வேலையின் போக்கு மாறும்போது அதைத் திருத்தவும் வேண்டும். அறிவியல் இதழ்கள் பல, பங்களிப்பு விவரத்தைத் தனியே கேட்கத் தொடங்கிவிட்டன. மானுடவியலிலும் இலக்கியத்திலும் நாம் இன்னும் நட்பையும் நன்றியையும் நம்பியிருக்கிறோம். நட்பு முறியும் நாளில் எழுதப்படாத கணக்கு எவ்வாறு நீதிமன்றம் ஏறும் என்பதை அந்த நால்வரும் காட்டிவிட்டார்கள்.

ரைட் 2008இல் மறைந்தார். 1993ஆம் ஆண்டுப் பதிவுகளில் எஞ்சிய அவரது வாசிப்பை அடித்தளமாகக் கொண்டு 2014இல் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அவர் எதைத் தந்துகொண்டிருந்தார் என்பது, அவர் இல்லாதபோது பலருக்குத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் இயலில் தம் பெயர் எங்கே, எவ்வாறு இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணியிடமே கேட்க அடுத்த மாதம் செல்கிறேன்.