தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

‘வண்டி ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிடுங்க சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?’

நண்பர்களே, இந்த வைத்தியத்தைக் கேட்காத கார்க்காரர் தமிழ்நாட்டில் இருப்பாரா என்பது சந்தேகமே! டாக்சி ஸ்டாண்டிலும் இதே பேச்சு, பட்டறையிலும் இதே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், தெர்மோஸ்டாட்டுக்குப் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கிய நாமும் டிரெயினிங் போன இடத்தில் ‘ஆமாண்ணே’ என்று ஸ்பேனரை எடுத்து நீட்டிவிடுகிறோம். இது சரிதானா? சரியில்லை என்பது என் கட்சி.

‘இது ஆட்டோமொபைல்காரன் புலம்பல்’ என்று மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ரேடியேட்டர் ஃபேனின் ரிலேயும் ஃபியூசும் எலக்ட்ரிக்கல்காரர் சொத்து. உப்புத் தண்ணீரோ நம் எல்லோர் சொத்து!

தெர்மல் லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போட்டது நினைவிருக்கிறதா? பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு போவது கூலன்ட். ஆனால் எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும் என்று யாரும் அதை வடிவமைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிலையாக ஓட வேண்டும் என்றுதான் வடிவமைத்தார்கள். அந்தச் சூட்டைக் காக்கும் வாட்ச்மேன்தான் தெர்மோஸ்டாட். உள்ளே இருப்பது மெழுகு. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கத் தொடங்குகிறது. அதுவரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீரை விடுவதில்லை.

வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? காலையில் எஞ்சின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். இஞ்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் ஈ.சி.யூ. ‘இன்னும் எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். கிராங்க்கேசில் நீர்த்துளி கட்டி ஆயில் சகதியாகும். ரிங்கும் சிலிண்டரும் தேயும். இத்தனையும் மெல்ல மெல்ல நடப்பதால் பழி தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர் மேல் விழுவதே இல்லை! இன்னொரு கூத்தும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே சூட்டைக் கூட்டும். (‘தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் கிடைக்காது, அதான் சூடு’ என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது தப்பு. வேகமாக ஓடினால் வெப்பம் நன்றாகவே கடத்தப்படும். குற்றவாளி பைபாஸ்.)

பட்டறை அண்ணன்மார்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ரேடியேட்டரில் ஊற்றியது போர் தண்ணீர். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படிந்தது. வால்வு மூடிய நிலையிலேயே இறுகிப்போனது. அவசரத்துக்குப் புதுசு கிடைக்காத ஊரில் கழற்றிப் போட்டு வண்டியை வீடு சேர்த்தார்கள். அன்றைக்கு அது சமயோசிதம். அவசரத்துக்குச் செய்ததை நிரந்தரச் சட்டமாக்கியதுதான் தவறு. புதுத் தெர்மோஸ்டாட் பெரும்பாலான சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். தப்பான வைத்தியத்தில் ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, ஃபேசிங்குக்கு லேத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். சொந்தமாக ஒரே ஒரு டாக்சி வைத்திருப்பவருக்கு அது செலவு மட்டுமா? வண்டி நிற்கிற அத்தனை நாளும் வீட்டில் வருமானம் இல்லை.

சரி, பின்னே என்னதான் செய்வது? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘எப்போ சூடாகுது?’

டிராஃபிக்கில் நின்றால் முள் ஏறுகிறது, ரோட்டில் ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபேன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். இப்போது சுற்றினால் மோட்டார் நல்லது. ரிலே, ஃபியூஸ், ஸ்விட்ச் பக்கம் போகலாம். இந்த வண்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என்ன பயன், சொல்லுங்கள்!

டவுனில் சமர்த்தாக இருந்துவிட்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் கொதிக்கிற வண்டி வேறு ஜாதி. அங்கே ஃபேனைவிட ரேடியேட்டர் மேல்தான் சந்தேகம். உள்ளே உப்பு அடைத்திருக்கும், அல்லது வெளியே தகடுகளுக்கு நடுவில் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கும். தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி வண்டி சரியாகிவிடும்.

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் மட்டும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். அப்போதும் தீர்ப்பு எழுதுவதற்கு முன் விசாரணை வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் அச்சடித்த டிகிரியை ஒட்டித் திறந்து, ஆறினால் மூடுகிறதா? நல்லது, திரும்பவும் மாட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரிலும் அசையவில்லையா? அப்போது தாராளமாக எறியுங்கள், ஆனால் அந்த இடத்தில் புதுசை மாட்டிவிட்டு!

யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாகம் ரேடியேட்டர் கேப். ‘அது வெறும் மூடிதானே’ என்பார்கள். பல கேப்களில் 0.9 என்று போட்டிருக்கும். அதாவது காற்றழுத்தத்துக்கு மேல் அவ்வளவு அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கிறது. ஸ்டீம் டேபிளை எடுத்து 1.9 பாருக்கு எதிரே பாருங்கள்: தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். கேப்பின் ரப்பர் தேய்ந்துவிட்டால் பழைய 100 டிகிரிதான். தண்ணீர் ரிசர்வ் பாட்டிலுக்குப் போய், ஆறிய பிறகும் திரும்பி வரவில்லையென்றால் முதலில் கேப்பைப் பாருங்கள்.

வெளியே ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது; டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி போல இருக்கிறது; சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை... இப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

‘கூலன்ட் குளிர் தேசத்துக்காரனுக்கு, நமக்கு எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் உறையாமல் இருப்பது நமக்குத் தேவையில்லைதான். ஆனால் துரு பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரில் கலக்காமல் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். பழையதைச் சாக்கடையோரம் கொட்டிவிடாதீர்கள். நாய், பூனை நக்கினால் உயிர் போய்விடும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அக்னி நட்சத்திரத்துக்கு முன், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டாண்ட் டாக்சிகளை ஆட்டோ ஷாப்புக்கு அழைத்து இலவசமாகச் சோதித்துக் கொடுத்தால் என்ன? தேவைப்படுவது இரண்டு தெர்மாமீட்டர், ஒரு கேப் பிரஷர் டெஸ்டர், கொஞ்சம் வயர், ஒரு பழைய பாத்திரம், ஒரு ஸ்டவ். பாத்திரம் நான் கொண்டுவருகிறேன். டெஸ்டருக்குச் சங்கம் நிதி ஒதுக்க வேண்டும். வருகிற வண்டிகளைக் காலையிலேயே வரவழைத்து, ஒரு மணி நேரமாவது பானெட்டைத் திறந்து போட்டு ஆறவிட்ட பிறகுதான் கேப் மேல் யாரும் கை வைக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். எலக்ட்ரிக்கல்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!