புல்லுக்காக நிழலை வெட்டலாமா?

நம் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு எதிரே இரண்டு வேப்பமரங்கள் நிற்கின்றன. மருத்துவரைக் காணவும் பரிசோதனை முடிவுகளைப் பெறவும் வரும் குடும்பங்கள் அவற்றின் அடியில்தான் காத்திருக்கின்றன. அங்கே பதித்த புல்தரை இருமுறை பட்டுப்போயிற்று. கிளைகளை வெட்டி வெயில் விழச் செய்தால் புல் செழிக்கும் என்னும் யோசனை அண்மையில் எழுந்தது. இதய நோய் மருத்துவர் என்ற முறையில் அதை என்னால் ஏற்க இயலவில்லை.

முதியோரும், நீர் பிரிவதற்கான மாத்திரைகளை உட்கொள்வோரும் கோடையில் எளிதில் நீரிழப்புக்கும் மயக்கத்துக்கும் ஆளாகின்றனர். சித்திரை வெயிலில் அவர்களுக்கு நிழல் என்பது அலங்காரம் அன்று, பாதுகாப்பு. மரத்தைக் காண்பதே நன்மை தரும் என்பதற்கும் சான்று உண்டு. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். 46 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆயினும் புறந்தள்ளத் தக்கதன்று.

குறை மரத்தில் இல்லை. நாம் தேர்ந்த புல்லில் உள்ளது. அங்கே பதித்தது பெர்முடா எனப்படும் அருகம்புல் வகை. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படாவிடில் அது மெலிந்து, திட்டுத் திட்டாக மறையும். அரைநிழலுக்கு ஏற்றவை ஆக்சோனோபஸ், செயின்ட் அகஸ்டின் ஆகிய அகன்ற இலைப் புற்கள். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் 'பஃபலோ புல்' என்று கேட்டால் பெரும்பாலும் இத்தகைய அகன்ற இலைப் புல்லையே தருவர்.

வீட்டு முற்றத்து மரத்தடியில் பெற்றோரை அமரச் செய்ய விரும்புவோருக்கும் இது பொருந்தும். முதலில் ஒருநாள் முழுவதும் அவ்விடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று கணக்கிடுங்கள். நிழற்புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுங்கள். உணவு ஆக்கும் இலைப்பரப்பு அதற்குக் கூடுதலாகத் தேவை. நிழலில் ஈரம் மெதுவாகவே உலரும். ஆதலால் நீரைக் குறைத்து, காலையில் மட்டும் பாய்ச்சுங்கள். ஈரப்புல்லில் முதியோர் வழுக்கி விழும் அபாயத்தை மறவாதீர்கள். வெயிலே படாத அடர்நிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கே சமதளமாகக் கல் பாவி ஒரு விசுப்பலகை இடுவதே நலம். சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும்.

பட்டுப்போன புல்லைச் சில மாதங்களில் மாற்றிவிடலாம். வெட்டிய வேம்பின் நிழலை மீண்டும் பெறப் பல ஆண்டுகள் ஆகும். மரங்களை விட்டுவிட்டுப் புல்லை மாற்றுமாறு நிர்வாகத்திடம் கேட்டுள்ளேன். அந்நிழலில் காத்திருந்த நீங்களும் உங்கள் கருத்தை எழுதி, வரவேற்பறைப் பெட்டியில் சேர்க்க வேண்டுகிறேன்.