தலைக்குக் கணக்குண்டு, தரைக்கு இல்லையா?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை 13 இலட்சத்து 75 ஆயிரம். ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 700 பேர். தோட்டத் தொழிலாளருக்கு வீட்டுக்காணி வேண்டும் என்று எழுதும்போதெல்லாம் இந்த எண்ணை என் முன் நீட்டுகிறார்கள். "சனம் நிறைந்துவிட்டது, காணிக்கு எங்கே போவது?" என்பது அவர்கள் வாதம்.

சராசரியைக் காட்டி ஏமாற்றுவது எளிது. கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறிப் பாருங்கள். கீழே கடையோடு கடை ஒட்டி நெரிகிறது. மேலே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அதன் நடுவே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராக்களில் தலைமுறைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவதுதான் அந்த 700.

நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். இந்தியத் தமிழர் என அந்த மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தில் பதிவானோர் சுமார் 85 ஆயிரம். குடும்பத்துக்கு ஐவர் எனில் 17 ஆயிரம் குடும்பங்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் கொடுத்தால் தேவைப்படும் நிலம் மூன்று சதுர கிலோமீற்றர். பாதை, பாடசாலை, விளையாட்டிடம் என்று இரட்டிப்பாக்கினாலும் ஆறுதான். மாவட்டத்தின் பரப்போ சுமார் 1,940 சதுர கிலோமீற்றர். எங்கே இல்லை காணி?

அந்தக் காணி அந்நியருடையதும் அன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி இன்றும் அரசுடையதே. ஆகவே தட்டுப்பாடு நிலத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

இந்த மக்களை எண்ணுவதில் அரசு என்றும் தயங்கியதில்லை. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்குப் பங்கிட்டபோது தோட்டத்துத் தலைகளும் சேர்த்தே எண்ணப்பட்டன. 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட பின்பும் அவர்கள் தலைகளால் வந்த ஆசனங்கள் மலைநாட்டில் அப்படியே இருந்தன. வாக்களித்தவர்கள் மட்டும் வேறு. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள், 1952இல் ஒருவருமில்லை.

அன்று ஆசனத்துக்காக எண்ணினார்கள். இன்று இடமில்லை என்று சொல்வதற்காக எண்ணுகிறார்கள். லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்முதல் அந்த மண்ணை வளப்படுத்தியவர்களுக்கு ஆறு சதுர கிலோமீற்றர் அதிகமா? சராசரியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.