பட்டறையும் பள்ளிக்கூடமும்

நம் நாட்டுப் பாடசாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் இடையே உறவு வேண்டுமென்ற குரல் இந்நாளில் ஓங்கி ஒலிக்கின்றது. ஆயினும் நாம் காண்பது பெரும்பாலும் உறவன்று, கொடையே. கணினி அறை ஒன்று கட்டித் தரப்படும். திறப்பு விழா நிகழும். கொடையாளரின் பெயர்ப்பலகை பாடசாலையின் பெயர்ப்பலகையிலும் பெரிதாய் மதிலில் ஏறும். அப்பாடசாலையிற் படித்து வெளியேறும் மாணாக்கன் வேலை கேட்டுச் சென்றால், அனுபவம் உண்டா என்பதே முதல் வினாவாய் இருக்கும்.

இவ்வுறவை ஓர் ஒழுங்கான முறையாக வளர்த்தெடுத்த நாடு ஜேர்மனி. மியூனிக் நகரின் பாடசாலைகளை 1895 முதல் 1919 வரை நிருவகித்த ஜோர்ஜ் கேர்ஷென்ஸ்டைனர், ஆரம்பப் படிப்போடு தொழிலுக்குச் சென்ற இளைஞருக்குரிய தொடர்வகுப்புக்களை அவரவர் தொழிலைக் கொண்டே திருத்தியமைத்தார். தச்சுப் பயில்வோனுக்குத் தச்சுத்தொழில் வழியாகவே கணக்கும் வரைதலும் குடியியலும் கற்பிக்கப்பட்டன. நல்ல குடிமகனை ஆக்குவதே அவர் கருதிய பயன். முதலாளிக்கு ஆள் தேடிக் கொடுப்பதன்று.

இன்று அங்கு நிலவும் இரட்டைப் பயிற்சி முறைக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையாய் உள்ளது. முந்நூறுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு வேலைகொள்வோரும் தொழிற்சங்கத்தாரும் அரசினரும் கூடிப் பயிற்சி விதிகளை வகுக்கின்றனர். பயிலுநன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் பட்டறையிலும் எஞ்சிய நாட்கள் தொழிற் பாடசாலையிலும் கற்கின்றான். பயிலும் காலத்திலேயே அவனுக்கு ஊதியம் உண்டு. பயிற்சிக்குப் பயன்படும் வேலையையே அவனிடம் ஒப்படைக்கலாம் என்று சட்டம் விதிக்கின்றது. தேநீர் வாங்கிவர அனுப்புதற்கு அங்கு இடமில்லை! இறுதிப் பரீட்சையை நடத்துவதும் பயிற்றிய நிறுவனமன்று. வேலைகொள்வோர், தொழிலாளர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தாரும் அமர்ந்த குழுவே அதனை நடத்துகின்றது. இத்துணைக் கட்டுப்பாட்டையும் ஏற்று அங்கே பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே என்பதையும் மறைத்தற்கில்லை.

நிற்க. நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை செய்முறைப் பாடசாலைகளையும் விதந்துரைத்தது, அவை வேரூன்றவில்லை. 1972இல் வந்த தொழில் முன்னிலைப் பாடங்களும் அந்தப் பத்தாண்டு கழியுமுன்பே கைவிடப்பட்டன. 2017இல் 13 வருடக் கல்வித் திட்டத்தின்கீழ், சாதாரண தரத்திற் சித்தியடையாதாரும் உயர்தர வகுப்பிலே தொழில் பயிலும் வழி திறக்கப்பட்டது. பெற்றோர் இவற்றை ஐயத்தோடு நோக்குவதை அறியாமை என்று தள்ளிவிடுவார் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தம் பிள்ளையைத் தொழில் வகுப்பிற் சேர்க்கும் தாய்க்கு, அதன் முடிவில் எந்தப் பட்டறைக் கதவு திறக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. உத்தியோகக் கனவைக் கைவிடுமாறு அவரை மாத்திரம் கேட்பது நியாயமாகாது.

1959இல் வெரஹெரவில் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிலையத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. போக்குவரத்துச் சபையின் பேருந்துகளைப் பேணுவோரைப் பயிற்றுதற்கென எழுந்தது அது. பயிற்சி தொடங்கியபோதே பயின்றவரை வேண்டிநின்ற சபையும் இருந்தது. அதன் பின்னரே அது மொறட்டுவைக்குச் சென்று பல துறைகளாக விரிந்தது.

வடக்கிலோ அத்தகைய பெருநிறுவனங்கள் அரியன. இருப்பவை இரண்டு மூன்று பேர் வேலைசெய்யும் கராஜ்களும் ஒட்டுவேலைப் பட்டறைகளுமே. தனியொரு கராஜ் உரிமையாளரால் ஒரு பயிலுநனுக்கு யாவற்றையும் கற்பிக்க இயலாது. ஜேர்மனியிலும் சிறு பட்டறைகளுக்கு இக்குறை உண்டு. அவை தம்மால் இயலாத பகுதிகளுக்குப் பயிலுநரைப் பொதுப் பயிற்சிக் கூடங்களுக்கு அனுப்புகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு 2016இல் திறந்த பயிற்சி நிறுவனம் அத்தகைய பொதுக்கூடமாகப் பயன்படலாகாதா? யாழ்ப்பாணத்துக் கராஜ்காரரும் வவுனியாப் பட்டறையாரும் ஆளுக்கொரு பயிலுநனை ஏற்று, ஊதியத்திற் பாதியை அரசு பொறுக்க, வாரத்தில் இரு நாட்கள் அவனை அங்கே அனுப்பலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. கராஜ்காரரை அழைத்து உட்காரவைத்துப் பாடத்திட்டத்தை வகுக்கும் அதிகாரி ஒருவர் வேண்டும்.