ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்தீர்களா?

எந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கட்டிலில் நோயாளி படுத்திருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். கையில் ஃபிளாஸ்க், காலடியில் ஒரு வயர் கூடை.

டாக்டர் வருவார், நோயாளியின் நாடியைப் பார்ப்பார். நர்ஸ் வருவார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். உறவினர்கள் வருவார்கள், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். எல்லோருடைய கண்களும் கட்டிலின் மேலேயே இருக்கும்.

ஸ்டூலில் இருப்பவரை யாராவது பார்த்தார்களா? நேற்று இரவு அவர் தூங்கினாரா? காலையில் ஒரு வாய் சாப்பிட்டாரா? அவருக்கும் ஒரு உடம்பு உண்டே, அதற்கு ஏதேனும் கோளாறு இருக்கிறதா?

யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரஞ்சுப் பழம்

என் தந்தைக்கு உணவுக் குழாயில் புற்றுநோய் வந்தது. வாய் வழியாக எதுவும் இறங்கவில்லை. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். கஞ்சியையும் பாலையும் வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதில் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஊற்றிய பிறகு தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். உடனே படுக்கவும் விடக் கூடாது.

இத்தனையும் செய்தவர் என் தாயார் ஒருவரே.

அண்ணன் பெங்களூரில் உத்தியோகத்தில் இருந்தார். மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். தங்கை கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் போன் செய்தாள். நான் உள்ளூரிலேயே இருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவேன்.

குழாய் வழியே கஞ்சி குடிக்கிறவருக்கு ஆரஞ்சுப் பழம்! அதை உரித்துச் சாறு பிழிந்து வடிகட்டுகிற வேலையும் அம்மாவின் தலையில்தான் விழுந்தது. "அம்மாவைப் போல யாருக்கு வரும்!" என்று பாராட்டிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள், வார்டு வாசலில் கழற்றிப் போட்ட அவளுடைய செருப்பு காணாமற் போய்விட்டது. புதுச் செருப்பு வாங்கப் போக அவளுக்கு நேரமில்லை. மூன்று நாள் வெறுங்காலோடு மருந்துக் கடைக்கும் பரிசோதனைச் சாலைக்கும் நடந்தாள். கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. அதன் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். "அப்பாவுக்குச் சரியாகட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள். தன் மாத்திரைகள் தீர்ந்துபோனதையும் எங்களிடம் சொல்லவில்லை.

முடிவில் அந்த விரலை எடுக்கும்படி ஆயிற்று. மூன்று வாரம் அவளும் ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

அந்த மூன்று வாரம் அப்பா பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எந்த மாத்திரையைப் பொடி செய்து குழாயில் விடலாம், எதை விடக் கூடாது என்று தெரியாது. ராத்திரி அவர் கையை ஆட்டினால் தண்ணீர் கேட்கிறாரா, வலி என்கிறாரா என்றுகூடத் தெரியாது. அம்மா ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். அம்மா விழுந்தாள், அப்பாவின் வைத்தியமும் அவளோடு விழுந்தது.

பாராட்டு என்னும் பாரம்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை மனைவியோ, மகளோ, மருமகளோ யாராவது ஒருத்தியின் தலையில் வைத்துவிடுவோம். பிறகு அவளைப் புகழ்வோம். "தெய்வம்" என்போம், "பொறுமையின் சிகரம்" என்போம். தெய்வத்துக்குப் பசிக்குமா? தூக்கம் வருமா? இடுப்பு வலிக்குமா? ஆகவே அவளைப் பற்றிய கவலை நமக்கு இல்லை!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். அன்போடு செய்யும் பணிவிடையைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். பணிவிடையை நான் குறை சொல்லவில்லை. அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல் தப்பித்த என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன். நாம் சொல்லும் புகழ்ச்சி பல சமயம் நன்றியே அல்ல. நாம் போகாமல் இருந்ததற்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வைத்தியத்தின் நான்கு பகுதிகளை வள்ளுவர் கூறுகிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் ஒருவர். இந்த நான்கும் சேர்ந்ததே வைத்தியம். ஸ்டூலில் இருப்பவரை அவர் வேடிக்கை பார்ப்பவராக நினைக்கவில்லை. வைத்தியத்தில் கால் பங்கு என்று கணக்கிட்டார்!

ரயில்வேக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போது கட்டணச் சலுகை அவருக்கு மட்டும் அல்ல. துணைக்குப் போகும் ஒருவருக்கும் உண்டு. நம் வீட்டுக் கணக்கில்தான் அந்தத் துணை விடுபட்டுப் போகிறார்.

அமெரிக்காவில் 1999-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நோயுற்ற கணவனுக்கோ மனைவிக்கோ பணிவிடை செய்யும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். பணிவிடையால் களைத்துச் சோர்ந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாத முதியவர்களைவிட, இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் சோர்ந்துபோகாமல் பணிவிடை செய்தவர்களுக்கு அப்படி அபாயம் கூடவில்லை.

இதன் பொருள் என்ன? பணிவிடை ஆளைக் கொல்வதில்லை. ஓய்வு இல்லாத பணிவிடைதான் கொல்கிறது.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

இப்போது ஸ்டூலில் இருப்பவர்களோடு நேரடியாகப் பேசுகிறேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். நீங்கள்தான் அந்தச் சுவர்.

உங்களுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், உங்கள் மாத்திரைகளை நோயாளியின் மாத்திரைப் பெட்டியிலேயே வையுங்கள். அவருக்கு எடுக்கும்போது உங்களுக்கும் எடுங்கள். அவருக்குக் கஞ்சி ஆறும் நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் பொழுதை ஓட்டுவது சிக்கனம் அல்ல. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும், ஆறாத புண் இருந்தாலும் "அப்புறம்" என்று தள்ளாதீர்கள். நீங்கள் டாக்டர்கள் இருக்கும் கட்டிடத்திலேயே இருக்கிறீர்கள். மாடி ஏறிக் காட்டிவிட்டு வாருங்கள்.

நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். அவரை ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி எழுங்கள். படுக்கை விரிப்பின் கீழ் இன்னொரு துணியை மடித்துப் போட்டால், இருவர் இரு பக்கமும் பிடித்து அவரைச் சுலபமாக நகர்த்தலாம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி நிபுணர் இருந்தால், இதை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

புற்றுநோய் தொற்று நோய் அல்ல. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் படுக்கவும் பயப்பட வேண்டியதில்லை. கீமோதெரபி மருந்து ஏற்றிய பின் இரண்டு நாள் மட்டும், வாந்தி, சிறுநீர் முதலியவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை நடக்கும் காலத்தில் நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்தாலே பாதித் தூக்கம் திரும்பிவிடும்.

மீதிப் பாதித் தூக்கத்தைக் கெடுப்பது நோயாளியின் வலி. அவர் முனகினால் நீங்கள் எப்படித் தூங்க முடியும்? வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை அல்ல. டாக்டரிடம் சொல்லுங்கள். கடும் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வலிக்கு மருந்தாகும் இவ்வகை மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைப்பதைச் சுலபமாக்க 2014-ம் ஆண்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அவர் வலியின்றித் தூங்கும் இரவுதான் நீங்களும் தூங்கும் இரவு.

இன்னொன்று. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கஞ்சி எவ்வளவு, யாருக்கு போன் செய்ய வேண்டும், ராத்திரி கையை ஆட்டினால் என்ன பொருள் என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் இந்த நோட்டு இல்லை. இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் வேறு விதமாகப் போயிருக்கும். எல்லாம் உங்கள் மனத்திலேயே இருக்கும் வரை உங்களுக்கு விடுதலை இல்லை. காகிதத்தில் ஏறிவிட்டால் இன்னொருவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

பாவம் அல்ல

அம்மா ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சில ராத்திரி, இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று தோன்றிவிடுகிறதடா. நான் பாவிதானே?"

அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அது பாவம் அல்ல, அம்மா. அது களைப்பு. அப்பாவின் மேல் சில சமயம் எரிந்து விழுந்தாயே, அதுவும் அன்பு இல்லாததால் அல்ல, தூக்கம் இல்லாததால்.

இப்படித் தோன்றுகிறவர்கள் மனத்துக்குள்ளேயே பூட்டிக்கொள்ள வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அழுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி அது. சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் செல்லவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஊர் கூடினால்

ஒரு தங்கையின் துயரத்திலிருந்து ஓர் ஆஸ்பத்திரியே பிறந்த ஊர் நம் சென்னை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ம் ஆண்டில் புற்றுநோய்க்குப் பலியானார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954-ம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு தொடங்கியது. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. இரண்டு மணி நேரம் கொடுக்க முடியாதா?

கேரளத்தில் கொடுக்கிறார்கள். 1993-ம் ஆண்டு கோழிக்கோட்டில் டாக்டர்கள் சிலர், குணப்படுத்த முடியாத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னர் அந்த வேலையில் ஊர் ஜனங்களும் சேர்ந்தார்கள். பயிற்சி பெற்று, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தங்கள் ஊர் நோயாளிக்காகச் செலவிடுவது என்று முன்வந்தார்கள். 2008-ம் ஆண்டில் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

தமிழ்நாட்டிலும் 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் நர்ஸ் வந்து போன பிறகும் இரவு என்று ஒன்று இருக்கிறது. அந்த இரவுக்கு உறவினர்கள்தான் வர வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை

உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ புற்றுநோயாளி ஒருவர் இருக்கக்கூடும். இன்று பார்க்கப் போவீர்கள். பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். "என்ன உதவி வேண்டும்?" என்றும் கேட்க வேண்டாம். கேட்டால், "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்ததே போதும்" என்றுதான் பதில் வரும்.

அதற்குப் பதில், "நான் நாலு மணி வரை இங்கே இருக்கிறேன். நோட்டைக் கொடுங்கள். நீங்கள் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். முதலில் மறுப்பார்கள். "நான் இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது" என்பார்கள். விடாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணத்தோடு நிறுத்த வேண்டாம். மாதத்தில் இரண்டு நாள் லீவு எடுத்து வந்து இரவுக் காவலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைக்குக் கஞ்சி வடிகட்டத் தெரியாது என்பதெல்லாம் சாக்கு. அந்த மூன்று வாரத்தில் நானே கற்றுக்கொண்டேன்.

அப்பா அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் செவ்வாய், சனி இரண்டு இரவும் ஸ்டூல் என்னுடையது. அந்த இரவுகளில்தான் அப்பாவின் கை அசைவுக்கு எனக்குப் பொருள் புரிந்தது. அதை அம்மாவிடமே விட்டிருந்தால், அவரை அறியாமலே வழியனுப்பியிருப்பேன்.

அம்மா இப்போது மெத்தென்ற தனிச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். வாசலில் அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம் ஞாபகத்துக்கு வருகிறது.